புதன்கிழமைத் தவணை

2025 ஜூன் 1, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து மகள் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். கிவா என்கிற அமெரிக்க அமைப்பின் வழியாக ஆளுக்கு 25 டாலர் வீதம் பல நாட்டுச் சிறு வியாபாரிகளுக்கு அவள் கடன் கொடுத்து வருகிறாள். நம் பணத்துக்கு 2,100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். அவளுக்கு வட்டி கிடையாது. அசல் திரும்பி வந்ததும் அதையே எடுத்து இன்னொருவர் பேரில் போட்டுவிடுகிறாள்.

"கூட்டுறவு சங்கத்துல காலமெல்லாம் கடன் மனு பார்த்தவர் நீங்க. இனிமே யாருக்குக் குடுக்கறதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்கப்பா" என்றாள்.

செல்போனில் பட்டியல் வந்தது. பெருவில் கம்பளி நெய்கிறவர், கென்யாவில் மக்காச்சோளம் போடுகிறவர், பிலிப்பைன்ஸில் மீன் விற்கிற அம்மா. எல்லோரும் படத்தில் சிரிக்கிறார்கள். படம் பார்த்துக் கடன் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. என்ன தொழில், எந்த மாதம் கையில் காசு புரளும், எந்தத் தேதியில் கட்டச் சொல்கிறார்கள், இந்த மூன்றைத்தான் மனுவில் முதலில் பார்ப்பேன்.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்மூரு பொம்பளைக்கு ஐயாயிரம் குடுக்க ரெண்டு ஜாமீன் கேட்பீங்க. பிலிப்பைன்ஸ்காரிக்கு ஒண்ணுமே வேணாமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

யாருக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதற்கு முன்னால் யார் வழியாகக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். இரண்டு நாளாக கிவாவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்த முகமது யூனுஸ் ஸ்டான்ஃபோர்டில் பேசியதைக் கேட்டுத்தான் ஜெசிகா ஜாக்லிக்கு இந்த எண்ணமே வந்திருக்கிறது. அவரும் மேட் ஃப்ளானரியும் 2005-ல் ஆரம்பித்தார்கள். முதலில் உகாண்டாவில் டொரோரோ என்கிற ஊரில் ஏழு பேருக்கு, மொத்தம் 3,500 டாலர். அந்த ஏழு பேரில் மீன் விற்கிறவரும் உண்டு, ஆடு வளர்க்கிறவரும் உண்டு. தெரிந்தவர்கள், நண்பர்கள் போட்ட பணம். சில மாதத்தில் அசல் திரும்பிவிட்டது. அங்கிருந்து கிளம்பி இன்றைக்கு எத்தனையோ நாடுகளுக்குப் போய்விட்டது. நூற்றுக்கு 96 வரை திரும்பி வருவதாகக் கணக்குக் காட்டுகிறார்கள்.

ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. டேவிட் ரூட்மன் என்கிற ஆய்வாளர் 2009-ல் எழுதிய பிறகுதான் அது பெரிதாகப் பேசப்பட்டது. படத்தில் இருக்கிற அம்மாவுக்கு நம் 25 டாலர் நேராகப் போவதில்லை. அந்த நாட்டில் இருக்கிற கடன் நிறுவனம் பெரும்பாலும் முன்னாலேயே அவருக்குப் பணம் கொடுத்திருக்கும். நம் பணம் அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. மகளுக்கு வட்டி இல்லை. ஆனால் அந்த நிறுவனம் தன் செலவுக்காக அந்த அம்மாவிடம் வட்டி வாங்கும். வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்னக் கடனை வசூலிக்கச் செலவு அதிகம், அதனால் வட்டியும் குறைவாக இருக்காது.

மகள் இதைக் கேட்டுக் கொஞ்சம் வாடிப் போனாள். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விவசாயிக்குப் பயிர்க்கடன் கொடுப்பது எங்கள் சங்கம்; சங்கத்துக்குக் கொடுப்பது மத்தியக் கூட்டுறவு வங்கி; அதற்கும் மேலே மாநில வங்கி, நபார்டு. மேலே இருக்கிறவர்கள் விவசாயி முகத்தைப் பார்த்ததே கிடையாது. "உன் பணம் மறுநிதி, அவ்வளவுதாம்மா. முகத்தைப் பார்க்காதே. அந்த நிறுவனம் எப்படி வசூல் பண்ணுதுன்னு பாரு" என்றேன்.

நாணய மாற்றுக்கும் ஒரு விதி உண்டு. அந்த நாட்டுப் பணம் டாலருக்கு எதிராகச் சரிந்தால், முதல் பத்து சதவீத நட்டத்தை அங்குள்ள நிறுவனம் ஏற்கும். அதற்கு மேல் போனால் கடன் கொடுத்தவர் தலையில் விழலாம். வட்டி இல்லாக் கடனிலும் நட்டம் வரலாம்.

ஜூன் 4, புதன்

காலை ஏழு மணிக்குப் பக்கத்துத் தெருவில் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் சென்டர் மீட்டிங். பால் வாங்கப் போனவன் நின்று பார்த்தேன்.

கடன் வாங்கிய பெண்கள் ஐந்தைந்து பேராக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். வசூலுக்கு வந்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பைக்கை ஓரம் கட்டிவிட்டு டேப்லெட்டைத் திறந்தான். ஒவ்வொருத்தியாக அட்டையையும் பணத்தையும் நீட்டினார்கள். மீன் விற்கிற அக்காவின் நோட்டுகள் பத்தும் இருபதுமாக ஈரமாக இருந்தன. விடிகாலையில் ஐஸ் பெட்டியைத் தொட்ட கை. தம்பி முகம் சுளிக்கவில்லை. ஈர நோட்டுகளை மட்டும் தனியே ஒரு ரப்பர் பேண்டு போட்டு, உலர்ந்த கட்டோடு ஒட்டாமல் பையின் வெளி ஜிப்பில் வைத்தான். தொழில் தெரிந்த பிள்ளை.

அந்த அக்காவுக்கு நாற்பதாயிரம் கடன். இரண்டு வருஷம், வாரத் தவணை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 சதவீத வட்டி என்று வைத்தால் வாரம் 485 ரூபாய் வருகிறது. அட்டையிலும் கிட்டத்தட்ட அதுதான். கந்துவட்டியோடு பார்த்தால் இது பெரிய வட்டியே இல்லை.

ஒருத்தி வரவில்லை. அவள் பங்கை மற்ற நான்கு பேர் போட்டுக் கட்டிய பிறகுதான் தம்பி எழுந்தான். இப்படி ஆகாமல் இருக்கத்தான் விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கிற கடன்தான் மைக்ரோ ஃபைனான்ஸ். எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் எந்த மாத வருமானம்? தை மாதத்து வருமானமா, வைகாசி மாதத்து வருமானமா?

ஜூன் 6, வெள்ளி

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக்குளம் பக்கம் ஏரிக்கரைக்குப் போனேன். பழவேற்காடு ஏரி சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். கோடையில் இந்த வடக்குப் பக்கத்துக்கு வந்தால் நம்ப மாட்டீர்கள். தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கின்றன. முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்தால் கடல் தண்ணீர் உள்ளே வராது. ஆரணியாறும் காளங்கியும் தண்ணீர் கொண்டு வர ஐப்பசி மழை வேண்டும். அது வரைக்கும் ஏரி இப்படித்தான்.

புதன்கிழமை பார்த்த அதே மீன்கார அக்கா அன்னக்கூடையோடு ஏலத்துக்குக் காத்திருந்தார்.

"இன்னா சார் இருக்குது இங்க? இறால் போச்சு. நண்டு சேத்துல பூந்துக்கிச்சு. கொஞ்சம் மடவை வந்துச்சு, அதையும் வியாபாரி எடுத்துக்கினாரு. அவருகிட்ட முன்பணம் வாங்கினவங்க அவருக்குத்தான் போடணும். எனக்கு இன்னா மிஞ்சுது?"

நல்ல நாளில் இவர் இரண்டு கூடை எடுத்து, ஒன்றை எங்கள் எளாவூரிலும் மற்றதைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமும் விற்றுவிடுவார். இப்போது ஒரு கூடையே நிரம்பவில்லை.

அப்படியானால் புதன்கிழமைக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தயங்கித்தான் சொன்னார். தண்டல்.

தண்டல் கணக்கு இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். 'பத்து பர்சன்ட்தானே' என்பார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது. ஒன்பதாயிரமும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 77 சதவீதம் வருகிறது.

24 சதவீதக் கடனைத் தேதி தவறாமல் கட்டுவதற்காக 77 சதவீதக் கடன் வாங்குகிறார். மைக்ரோ ஃபைனான்ஸ் பதிவேட்டில் இவர் ஒரு தவணைகூடத் தவறாதவர், முதல் தரமான கடனாளி. வசூல் 99 சதவீதம், 96 சதவீதம் என்று போடுகிற எந்த அறிக்கையிலும் இந்தத் தண்டல் தெரியாது.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். காலையிலிருந்து மீன் வாங்க ஆளில்லை என்று மீன்கார அக்கா கூடையைத் திருப்பிக்கொண்டு போனார். தண்டல்காரர் மட்டும் வந்து போனார். அவருக்கு விசாகமும் இல்லை, அமாவாசையும் இல்லை.

போன மாதம் 18-ந்தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் பிஎஸ்எல்வி-சி61 ஏவியபோதும் இதே கதைதான். ராக்கெட் ஏவுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்த ராக்கெட்டே மூன்றாவது கட்டத்தில் கோளாறாகிப் போனது. விஞ்ஞானிகளுக்குத் தவணை தள்ளிப் போகலாம், மீனவனுக்குப் போகாது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார்.

இரவு மகள் கூப்பிட்டாள். அலுவலகத்தில் யாரோ அவளிடம், "உங்க ஆளுங்க அந்தக் காலத்திலேயே ஊர் ஊராகக் கடன் கொடுத்தவங்கதானே" என்று கேலி செய்தார்களாம். நகரத்தாரை, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைச் சொல்லியிருக்கிறார்கள். கேலிக்கு அப்பாலும் அது தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான். பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து போய்க் கடன் கொடுத்தவர்கள். கீழ்பர்மாவில் காடு திருத்தி நெல் போட்டதற்கு அந்தப் பணம்தான் முதல். வெள்ளைக்காரன் வங்கி அந்தக் குடியானவனை ஏறெடுத்துப் பார்த்தது இல்லை. ஈடு நிலம். 1930-ல் உலகச் சந்தையில் நெல் விலை விழுந்தது. குடியானவனால் கட்ட முடியவில்லை. 1930-ல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய ஆறு சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1930-களின் கடைசியில் அது கால்வாசியாகிவிட்டது. அவர்களில் பலருக்கு நிலம் வேண்டவே வேண்டாம், பணம்தான் வேண்டும். நிலம் கைமாறிய இடத்தில் பகையும் வந்தது. போர் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து வந்தார்கள்.

"நீ ஈடு வாங்கவில்லை, வட்டியும் வாங்கவில்லை. ஆனா நெல் விலை விழுகிற வருஷத்துல உன் கடனாளியை அந்த ஊரு நிறுவனம் என்ன பண்ணும்? அதைக் கேட்டுக்கோ" என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

ஜூன் 11, புதன்

இன்று மீன்கார அக்கா கட்டவில்லை. மீட்டிங்குக்கும் வரவில்லை. தம்பி வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தான். சத்தம் போடவில்லை, தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தெருவே பார்க்க வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதே போதாதா? அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பாக்கி விழுந்தால் அவன் ஊக்கத்தொகை போய்விடுமாம்.

இங்கிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் தடா, ஆந்திரா. 2010 அக்டோபரில் கடன் தொல்லையால் தற்கொலைகள் என்று செய்தி வந்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. வாரத் தவணை கூடாது, மாதத் தவணைதான் என்றது. கம்பெனிகள் பதிவு செய்ய வேண்டும் என்றது. அதோடு அங்கே வசூல் ஏறக்குறைய நின்றே போனது. எல்லைக்கு இந்தப் பக்கம் புதன்கிழமை மீட்டிங் நடந்தது. அந்தப் பக்கம் கட்டுகிறவர்கூடக் கட்டவில்லை. கடன் தொல்லை ஒழிந்ததோ இல்லையோ, கம்பெனிகள் புதுக்கடன் கொடுப்பதை நிறுத்தியதால் தண்டல்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்தது.

நம் சட்டசபையிலும் இந்த ஏப்ரல் கடைசியில் கட்டாய வசூலைத் தடுக்க மசோதா நிறைவேறியது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் இருக்கிறது. மிரட்டுகிறவனைச் சட்டம் பிடிக்கும். வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன்மேல் யார் போய்ப் புகார் கொடுப்பது?

சாயங்காலம் மனைவியிடம் வாரத் தவணையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் விடவில்லை.

"வாரத் தவணையைக் கேவலமா பேசாதீங்க. வாராவாரம் வாங்கிக்கினு போறதால தான் காசு டாஸ்மாக் போகாம இருக்குது. மாசத்துக்கு ஒரு தரம் ரெண்டாயிரம் சேர்த்து வைன்னா எந்த வீட்டுல வெப்பாளுங்க? புருஷன் கண்ணுல படாம இருக்குமா?"

இதுவும் நியாயம்தான். தினம் காசு பார்க்கிற பெட்டிக்கடைக்காரிக்கும் இட்லிக்கடைக்காரிக்கும் வாரத் தவணை வசதியே. தொழில் பார்த்துத் தேதி வைக்காமல் எல்லோருக்கும் ஒரே புதன்கிழமை வைப்பதில்தான் கோளாறு.

ஜூன் 14, சனி

இன்று நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள். விசைப்படகுக்குத்தான் தடை, ஏரியில் வலை வீசுகிறவர்களுக்கு இல்லை. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாது என்பதால் மீன்பிடி குறைந்த காலத்துக்கெனத் தனியாக நிவாரணம் தருகிறார்கள். மீனவப் பெண்கள் 1,500 சேமித்தால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகக் கொடுக்கிற திட்டமும் இருக்கிறது. நல்ல யோசனை: கை ஓடுகிற மாதத்தில் கொஞ்சம் எடுத்து, கை ஓயும் மாதத்தில் கொடுப்பது. ஆனால் இந்தக் காலக்கணக்கு கடலுக்கானது. ஏரிக்கு மழை வந்தால்தான் வாழ்வு, கோடைதான் குறைந்த காலம்.

தொழிலுக்கு ஏற்ற கணக்கு ஏரிக்காரர்களுக்குப் புதிதல்ல. பழவேற்காட்டுப் பக்கம் பாடு முறை இருக்கிறது. மீன் நிறையக் கிடைக்கிற இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று ஊர்கூடி முறை வைத்துக்கொள்வார்கள். இன்று உன் பாடு என்றால் இன்று உனக்குக் காசு. பாடு இல்லாத நாளில் இல்லை. தெற்கே மீனவர் சங்கங்கள் இதைக் கடனிலும் செய்து காட்டியிருக்கின்றன. 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, திருவனந்தபுரம், கன்னியாகுமரிப் பக்கம். சங்கமே மீனை ஏலம் விடும். விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு. நிறையப் பிடித்தால் நிறையக் கழியும். வலை காலியாக வந்தால் அன்று தவணையும் காலி. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி மீனை அவன் சொன்ன விலைக்குப் போட்டவர்கள் அப்படித்தான் விடுபட்டார்கள்.

மகள் ஓர் ஆய்வைத் தேடி அனுப்பியிருந்தாள். எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலானவர்கள் கொல்கத்தாவில் செய்தது, 2013-ல் வெளிவந்தது. கடன் வாங்கிய பெண்களில் பாதிப் பேருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் முதல் தவணை. மீதிப் பேருக்கு இரண்டு மாதம் கழித்து. அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் லாபமும் கூடியிருந்தது. ஆனால் கட்டாமல் விட்டவர்களும் அவர்களில்தான் அதிகம். துணிந்து தொழில் செய்தால் சிலர் விழத்தான் செய்வார்கள். தவணையை இறுக்கினால் யாரும் விழ மாட்டார்கள், யாரும் எழவும் மாட்டார்கள்.

ஹைதராபாத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, டுஃப்ளோ செய்த ஆய்விலும் இதற்கு நெருக்கமான முடிவுக்குத்தான் வந்தார்கள். சிறுகடன் வந்த பேட்டைகளில் தொழில் கொஞ்சம் பெருத்தது. சராசரிக் குடும்பத்தின் செலவு பெரிதாக மாறவில்லை. வறுமையே ஒழிந்துவிடும் என்று 2006-ல் யூனுஸ் நோபல் வாங்கிய நாளில் பேசியவர்கள் இப்போது அடக்கமாகப் பேசுகிறார்கள். நல்லதுதான். கடன் சின்ன விஷயம். சின்ன விஷயத்தைச் சரியாகச் செய்தால் போதும்.

ஜூன் 15, ஞாயிறு

கிவா பட்டியலை மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு கடனிலும் தவணை எப்படி என்று போட்டிருக்கிறார்கள்: மாதாமாதம், ஒழுங்கில்லாத இடைவெளி, கடைசியில் மொத்தமாக. படத்தை விட்டுவிட்டு இந்த வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

கென்யா மக்காச்சோளக்காரருக்கு முதல் இடம். அங்கே ஒன் ஏக்கர் ஃபண்ட் என்கிற அமைப்பு விதையும் உரமும் கடனாகக் கொடுக்கிறது. பருவம் முடிவதற்குள் எப்போது, எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். கோழி விற்ற வாரம் கொஞ்சம், ஒன்றுமில்லாத வாரம் சும்மா. இப்படிப்பட்டவர்களாக மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தேன்.

பெரு நெசவுக்காரருக்கு மாதத் தவணை. திருவிழாக் காலத்தில்தான் விற்பனை என்று அவரே எழுதியிருக்கிறார். தவணையோ பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு. வேண்டாம் என்று ஒதுக்கினேன். "பாவம்ப்பா" என்றாள் மகள். ஏற்கெனவே அவர் கையில் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, நாம் போடாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறையாது, அந்த மாதிரிக் கடன் கொடுக்கிற நிறுவனத்துக்குத்தான் நாம் இல்லை என்கிறோம் என்று விளக்கினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

பிலிப்பைன்ஸ் மீன்கார அம்மாவுக்கு மாதத் தவணை. ஆனால் அவர் சந்தையில் நிலையான கடை வைத்து, கருவாடும் சேர்த்து விற்கிறார். வருஷம் முழுக்கக் காசு வரும். அவருக்குக் கொடுக்கலாம் என்றேன்.

இந்தியாவில் இருந்துகொண்டு நானும் ஏதாவது போடலாமே என்று கேட்டேன். அதற்கு ரங் தே என்கிற தளம் இருக்கிறது. ராமகிருஷ்ணாவும் ஸ்மிதா ராமும் 2008 குடியரசு நாளன்று ஆரம்பித்தது. நூறு ரூபாயிலிருந்தே ஒரு விவசாயிக்கோ கைவினைக்காரருக்கோ கடன் கொடுக்கலாம். ஆளுக்கு ஆள் கடன் கொடுக்கிற தளங்களுக்கு 2017-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது: ஒருவர் இன்னொருவருக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, கெடு மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது. பணம் திரும்பி வரும் என்று தளம் உறுதி சொல்ல முடியாது. ஆயிரம் ரூபாய் போட்டேன். அறுவடைக்குப் பிறகு கட்டுகிற கடனாகப் பார்த்து.

மனைவி கணக்கு நோட்டை மூடச் சொன்னாள். "கென்யா ஆச்சு, பெரு ஆச்சு. இந்தத் தெருவுக்கு எப்ப வருவீங்க?"

ஜூன் 21, சனி

மனைவியின் மகளிர் குழுவில் கூட்டம். இருபது வருஷத்துக்கு முன்னால் மகளிர் திட்டத்தில் ஆரம்பித்த குழு. சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுக்கிறார்கள், நூற்றுக்கு ஒன்று வட்டி, பத்து மாதத் தவணை. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே தேதி. பேங்க்காரர்களோ கம்பெனிக்காரர்களோ இவர்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. பழக்கத்தில் வந்தது.

என்னைத் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, இவள்தான் பேசினாள். மீன்கார அக்கா பதினைந்தாயிரம் கேட்டிருந்தார், தண்டலை அடைக்க. மாதம் 1,500 அசல் கட்ட இப்போது அவரால் முடியாது. கட்டினால் இன்னொரு தண்டல் வாங்கித்தான் கட்டுவார். அதனால் செப்டம்பர் வரை மாதம் 150 வட்டி மட்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதம், மாதம் 2,500 அசலும் அந்தந்த மாத வட்டியும். ஏரியில் தண்ணீரும் இறாலும் இருக்கிற மாதங்கள் அவை. கட்டாத மாதத்திலும் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். மறுபடி தண்டல் வாங்கினால் குழுவில் சொல்லிவிட வேண்டும்.

"அப்ப எனக்கு?" என்று ஒருத்தி எழுந்தாள். நெல் போடுகிறவள். "எனக்கு அறுப்பு முடிஞ்சதும் மொத்தமா கட்டறேன்னு எழுதுங்க." எழுதினார்கள். இட்லிக்கடைக்காரி தனக்கு வாரத் தவணையே இருக்கட்டும் என்றாள். "கையில வெச்சிருந்தா செலவாயிடும்க்கா."

ஊக்குநர் தயங்கினார். "ஆளாளுக்கு ஒரு தேதி வெச்சா நோட்டு எழுதறது யாரு?" அதற்குத்தான் என்னைத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. மாதம் ஒரு நாள் வந்து எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒவ்வொரு கடனிலும் வட்டியில் கால் பங்கைத் தனியே ஒதுக்கி வைக்கச் சொன்னேன். தேதியைத் தளர்த்தினால் ஒன்றிரண்டு பாக்கி விழும். கொல்கத்தாவில் விழுந்தது, எளாவூரில் மட்டும் விழாமல் இருக்காது.

தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருத்தியைத் தவிர. போன வருஷம் மீன்கார அக்காவுக்குப் பதிலாக மூன்று புதன்கிழமை தன் பணத்தைப் போட்டவள் அவள். "மார்ச்சு மாசம் கடன் அடையட்டும், அப்ப போடறேன்" என்றாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவள் பெயருக்கு நேரே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

மகளுக்கு எல்லாம் எழுதி அனுப்பினேன். கிவாவில் திரும்பி வருகிற பணத்தில் பாதியை இந்தக் குழுவின் ஒதுக்கீட்டுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். குழுக் கடன் குழுவின் பணத்திலேயே நடக்கட்டும். கென்யாக்காரர் அடுத்த பருவத்துக்கு விதை வாங்கட்டும்.